அமெரிக்காவில் 'கிரெடிட் ஃப்ரீஸ்' செய்வதுபோல, நம் பெயரில் வேறு யாரும் கடன் வாங்காமல் இங்கே தடுக்க முடியுமா?

கேட்டிருக்கும் அம்மா சேலம் அழகாபுரத்துக்காரர். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் தன் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்துவிட்டு, "நீங்களும் செஞ்சு வெச்சுடுங்கம்மா" என்று சொன்னாராம். நான் செவ்வாய்ப்பேட்டையில் வரிக்கணக்கு பார்க்கிறவன். வெள்ளிப் பட்டறைக்காரர்களும் கொலுசு வேலை செய்கிறவர்களும்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மகன் செய்ததை அப்படியே இங்கே செய்ய வழி இல்லைங்கம்மா. அங்கே ஒவ்வொருவரும் வாங்கிய கடன், கட்டிய தவணை எல்லாவற்றையும் தொகுத்துக் கடன் அறிக்கையாக வைத்திருப்பவை ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள். மூன்றிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டால், உங்கள் பெயரைச் சொல்லிப் புதுக் கடன் கேட்டு யார் போனாலும் வங்கியால் அந்த அறிக்கையைத் திறக்க முடியாது. அறிக்கையைப் பார்க்காமல் பெரும்பாலும் கடன் தர மாட்டார்கள். 2018 செப்டம்பரிலிருந்து இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆன்லைனில் கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் பூட்ட வேண்டும், திறக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும். நம்மிடம் 2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஆனால் பூட்டி வைக்கும் உரிமையை அது நமக்குத் தரவில்லை. தந்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். செல்போனிலேயே சில நிமிடங்களில் கடன் கிடைக்கிற நாட்டில், 'எனக்குக் கடன் வேண்டாம், என் பெயரில் யாருக்கும் கொடுக்காதே' என்று சொல்ல ஒரு வழி இல்லாதது பெரிய அநியாயம்.

அதனால் இங்கே நமக்கு இருக்கிற முதல் பாதுகாப்பு, நம் கடன் அறிக்கையை நாமே அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுதான். "சிபில் பார்த்துட்டேன் சார், ஸ்கோர் நல்லாத்தான் இருக்கு" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இங்கே கடன் அறிக்கை தரும் நிறுவனங்கள் நான்கு, சிபில் அதில் ஒன்றுதான். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், ஒரு பைசா செலவில்லாமல் ஆண்டு முழுவதும் கண் வைத்திருக்கலாம்.

எடுத்ததும் எல்லோரும் ஸ்கோரைத்தான் பார்க்கிறார்கள். கொலுசுக்குப் பாலீஷ் போடும் அக்கா ஒருவர், வீட்டுக்குக் கூரை மாற்றக் கடன் கேட்டுக் கிடைக்காமல் என்னிடம் வந்தார். அறிக்கையில் பெயர், பிறந்த தேதி, பான் எண் எல்லாம் சரி. தொடர்பு எண்கள் என்ற பகுதியில் மூன்று எண்கள் இருந்தன. ஒன்று அவருடையது, இன்னொன்று காலமான கணவருடையது. மூன்றாவது யாருடையது என்றே தெரியவில்லை. முகவரிப் பகுதியில் அவர் கேள்விப்படாத ஒரு வடமாநில ஊர். கீழே, ஏதோ ஒரு ஆப் வழியாக வாங்கிய சின்னக் கடன், தவணை கட்டாமல் நின்றிருந்தது. "ஒத்த ரூவா நான் வாங்கலைங்க சார்" என்று அழுதுவிட்டார். ஆகவே முதலில் போன் எண்கள், அடுத்து முகவரிகள், பிறகு 'என்கொயரி' பகுதி. உங்களுக்குத் தெரியாத நிறுவனம் அங்கே உங்களைப் பற்றி விசாரித்திருந்தால், யாரோ உங்கள் பெயரில் கடன் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஸ்கோரைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

எண் ஏன் முக்கியம் என்றால், யாராவது உங்கள் அறிக்கையைத் திறந்தால் இந்த நிறுவனங்கள் உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அவர்கள் பதிவில் உங்கள் பழைய எண் இருந்தால் அந்தத் தகவல் உங்களை வந்து சேராது.

அந்தக் கடனைக் கொடுத்த நிறுவனத்தார் அக்காவிடம் போனில், "சின்னத் தொகைதானே, கட்டிடுங்க, க்ளோஸ் பண்ணிடறோம்" என்றார்கள். கட்டவே கூடாது. கட்டினால் அந்தக் கடனை நாமே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். கடன் ஒப்பந்தத்தின் நகல், கொடுத்த அடையாள ஆவணங்கள், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற விவரம், இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டோம். கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது. அதன் பிறகு அவர்களிடமிருந்து எதிர்வாதம் வரவில்லை. கூடவே, அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்திலும் 'டிஸ்ப்யூட்', அதாவது இந்தப் பதிவு தவறு என்ற புகாரைப் பதிய வேண்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். போலீஸ் புகாரை விட்டுவிடாதீர்கள். அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின் கீழ் குற்றம், மூன்றாண்டு வரை சிறை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சிஎஸ்ஆர் ரசீது கையில் இருந்தால் நிறுவனங்கள் பேசும் தோரணையே மாறும். கணக்கிலிருந்து பணமே போயிருந்தால் எதையும் யோசிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

ஆவணம் எங்கிருந்து கசிகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஜெராக்ஸ் கடைகளைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். கோப்பு அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரை ஆதார் தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களுக்கு அது போதும். நகலின் குறுக்கே எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடைக்காரரை நிற்க வைத்துக் கோப்பை அழிக்கச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள்.

எம்ஆதார் செயலியில் கைரேகையையும் பூட்டலாம். ரேஷன் கடையில் விரல் வைக்கப் போகும்போது மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். ஆனால் ஓடிபி வழியாக நடக்கும் மோசடியை இந்தப் பூட்டு தடுக்காது. அதற்கு, ஆதாரோடு இணைத்த சிம்மைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஏற்காட்டுக்கு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போவது சகஜம். அஸ்தம்பட்டியில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது மணிக்கணக்கில் சிக்னல் இல்லையென்றால், உங்கள் எண்ணை யாரோ வேறு சிம்முக்கு மாற்றியிருக்கலாம். வேறு போனிலிருந்து உடனே சிம் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

கடன் அறிக்கையில் தெரியாத ஒன்றும் உண்டு. உங்கள் பான் எண்ணை வைத்து யாராவது ஜிஎஸ்டி பதிவு வாங்கியிருந்தால், அது நான்கு அறிக்கைகளிலும் வராது. வரி நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியவரும். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடினால் அதன் பேரில் உள்ள பதிவுகள் எல்லாம் வரும். உங்களுடையதையும், வீட்டில் பான் கார்டு வைத்திருக்கும் மற்றவர்களுடையதையும் இன்றைக்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.