போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ட்ரிகர் ஃபங்ஷனை (ரோ சேரும்போதோ மாறும்போதோ தானாக ஓடும் கோடு) பைத்தானில் எழுதலாமா? அதன் சொந்த மொழியான பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் போதாதா?

பெரும்பாலும் போதும். திருத்திய நேரத்தைப் பதிவது, பழைய ரோவை இன்னொரு டேபிளில் எடுத்து வைப்பது மாதிரி வேலைக்கெல்லாம் பைத்தானைக் கூப்பிட வேண்டாம். நான் கூப்பிட்டது ஒரே ஒரு தடவைதான்.

ஒரு சங்கத்தின் உறுப்பினர் டேபிள், பெயர்கள் தமிழில். 'கோபால்' என்று தேடினால் சில கோபால்கள் வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். திரையில் எல்லாரும் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள். லெங்த் போட்டுப் பார்த்ததும் பிடிபட்டது: எழுத்தையும் குறியையும் தனித்தனியாக எண்ணினால் ஒரு கோபாலுக்கு 6, இன்னொரு கோபாலுக்கு 7. யூனிகோடில் ஓகாரத்துக்கென்று தனியாக ஒரு குறி இருக்கிறது. அதை விட்டுவிட்டு இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டாலும் கண்ணுக்கு அதே 'கோ'தான் தெரியும். உள்ளே எது போகிறது என்பது அடித்தவரின் கீபோர்டைப் பொறுத்தது.

இதற்கு மருந்து சுலபம். பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானில் ஒரு வரி. (போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து இதைச் செய்யும் நார்மலைஸ் ஃபங்ஷன் அதிலேயே வந்துவிட்டது. நாங்கள் அப்போது 11இல் இருந்தோம்.) தலைவலி கொடுத்தவர்கள் கௌரியும் சௌந்தரும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரி' என்று அடிப்பவர்கள் ஏராளம். என்எஃப்சி அதைத் தொடாது, அதன் கணக்கில் அது நிஜமான ளகரம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினாலோ கெளுத்தி மீனின் கழுத்து திருகிக்கொள்ளும். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாவிட்டால் மட்டும் மாற்ற வேண்டும், அதுவும் பெயர் ஃபீல்டில் மட்டும், விதிவிலக்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு. இப்படிப்பட்ட விதிகளை டேட்டாபேஸுக்கு வெளியே டெஸ்ட் செய்ய முடிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதனால் ஒரு பைத்தான் மாட்யூலாக எழுதி சர்வரில் வைத்தேன். ட்ரிகர் அதை இம்போர்ட் செய்து கூப்பிடும், அவ்வளவுதான்.

அந்தச் சின்ன ட்ரிகரே அரை நாளைத் தின்றது. பிஎல்/பைத்தானில் (போஸ்ட்கிரெஸுக்குள் பைத்தான் எழுதும் வழி) ட்ரிகர் ஃபங்ஷனுக்குள் டிடி என்று ஒரு டிக்‌ஷனரி தயாராகக் கிடைக்கும். நியூ (புதிய ரோ), ஓல்டு (பழைய ரோ), ஈவென்ட் (நடந்த செயல்) எல்லாம் அதற்குள் இருக்கும். நியூவில் பெயரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை, எரரும் வரவில்லை. கடைசியில் பார்த்தால் 'மாடிஃபை' என்ற ஸ்ட்ரிங்கை ரிட்டர்ன் செய்ய வேண்டுமாம். செய்யாவிட்டால் நம் மாற்றத்தைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு, வந்த ரோவை வந்தபடியே எழுதிவிடும். பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் பழகிய கைக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. அங்கே ரோ அளவிலான பிஃபோர் ட்ரிகரில் (ரோ எழுதப்படுவதற்கு முன் ஓடுவது) நல் என்ற வெற்று மதிப்பை ரிட்டர்ன் செய்தால் அந்த ரோவே விடுபட்டுப் போகும். இங்கே நன் (பைத்தானின் நல்) ரிட்டர்ன் செய்தால் 'சரி, போ' என்று அர்த்தம். தடுக்க வேண்டுமானால் 'ஸ்கிப்' என்று சொல்ல வேண்டும். பெர்ல் மொழிக்கான பிஎல்/பெர்லிலும் இதே கதைதான்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பிஎல்/பைத்தானைச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் பெயரின் கடைசியில் ஒரு 'யு' இருக்கும். நம்பகமற்ற மொழி என்பதற்கான அடையாளம் அது. பைத்தான் கோடு சர்வரின் ஃபைல்களைத் தொடாமல் கட்டிப்போட வழியில்லை என்பதால், சூப்பர்யூசர் மட்டுமே அதில் ஃபங்ஷன் உருவாக்க முடியும். கிளவுடில் வாடகைக்கு எடுத்த டேட்டாபேஸ் என்றால் பல இடங்களில் அனுமதியே கிடைக்காது.

அப்புறம், பைத்தான் கைக்கு வந்ததும் ட்ரிகருக்குள்ளிருந்தே மெயில் அனுப்பலாமே என்று தோன்றும். வேண்டாம். மெயில் சர்வர் இழுத்தடித்தால் டிரான்சாக்‌ஷனும் லாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ரோல்பேக் ஆனால் (மாற்றம் ரத்தானால்) போன மெயில் திரும்பி வராது. நோட்டிஃபை (வெளியே காத்திருப்பவருக்குச் சேதி அனுப்பும் போஸ்ட்கிரெஸ் கட்டளை) கொடுங்கள், கமிட் ஆன (மாற்றம் உறுதியான) பிறகுதான் அது போய்ச் சேரும். வெளியே காத்திருக்கும் ஸ்கிரிப்ட் மெயிலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ட்ரிகர் இனி வரும் ரோக்களுக்குத்தான். ஏற்கெனவே இருப்பவற்றைச் சரிசெய்ய, பெயரைப் பெயராகவே அப்டேட் செய்து எல்லா ரோவையும் அதன் வழியாக ஒருமுறை ஓட்டினேன். பாதியிலேயே யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் எரர். பெயரும் கைபேசி எண்ணும் சேர்ந்து இரண்டு ரோவில் வரக்கூடாது என்று போட்டு வைத்திருந்தோம். ஒரே கோபால் 6 எழுத்தில் ஒருமுறை, 7 எழுத்தில் ஒருமுறை என்று சேர்ந்து, இரண்டு முறை சந்தாவும் கட்டியிருந்தார்.