சேற்றில் சைக்கிள் தாங்குமா?

கேள்வி: மழைக்குப் பின் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சைக்கிளோகிராஸ் (சேறு, புல், மேடுபள்ளத்தில் சுற்றுச் சுற்றாக ஓட்டும் சைக்கிள் பந்தயம்) ஓட்டலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஈசிஆர் தார் ரோட்டில் ஓட்டிய பழக்கம் மட்டும்தான். போகலாமா?
- வாசகர், பெருங்குடி

பதில்: தாராளமாகப் போங்கள். முதல் வேலையாகக் காற்றைக் குறையுங்கள். தார் ரோட்டுக்கு அடிக்கும் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) சேற்றுக்கு ஆகவே ஆகாது. டியூப் போட்ட 33 மி.மீ. டயரில் காற்றை 30 பிஎஸ்ஐ-யை ஒட்டி வைத்தால் பிடிமானம் கிடைக்கும். யுசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) பந்தயங்களில் அனுமதிக்கும் அதிகபட்ச அகலம் அந்த 33தான். நண்பர்களுக்குள் ஓட்டும்போது இன்னும் அகலமாகவே போடுங்கள்.

பெரும்பாக்கம் பக்கம் ஒரு காலி மனையில் நாங்கள் ஓட்டினோம். சுத்தக் களிமண். மூன்றாவது சுற்றில் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே புல்லும் மண்ணும் கொழுக்கட்டை மாவு மாதிரி அடைத்துக்கொண்டு, சக்கரம் நின்றேவிட்டது. விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தேன். அன்று புரிந்தது, சேறு ஆழமாகத் தெரிந்தால் உருட்டக்கூடாது, தூக்கிவிட வேண்டும். இடப்பக்கம் இறங்குங்கள், செயின் வலப்பக்கம் இருப்பதால் காலில் படாது. ஃபிரேமை வலது தோளில் மாட்டிக்கொண்டு ஓடுங்கள். இதை மட்டும் ஒரு வாரம் மொட்டை மாடியில் பழகினாலே போதும், அவ்வளவு வித்தியாசம் தெரியும்.

சனி சாயங்காலம் அசதியில் சைக்கிளை வாட்டர் சர்வீஸில் விட்டுவிடாதீர்கள். அந்த வேகத் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிடும். வாளித் தண்ணீரும் பிரஷும் போதும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து ஃபேனுக்கடியில் வையுங்கள், காலையில் போட்டுக்கொள்ளலாம்.