கார்லோ பெர்கோன்ஸி: கேள்வி பதில்

கேள்வி: இத்தாலிய ஓபரா பாடகர் பெர்கோன்ஸி, பாரிடோனாக (ஆண்களின் நடுத்தரக் குரல்) பாடத் தொடங்கி டெனராக (ஆண்களின் உயர்ந்த குரல்) மாறியது எப்படி?

பதில்: 1948இல் இத்தாலியின் லெச்சே நகரில் ரோஸினியின் ஓபராவில் ஃபிகாரோ பாத்திரத்தைப் பாடிய பெர்கோன்ஸி, தம் குரலின் இயல்பான இடம் இன்னும் மேலே இருப்பதைச் சில ஆண்டுகளிலேயே உணர்ந்தார். கருசோ, ஸ்கீப்பா, பெர்த்திலே போன்ற முந்தைய டெனர்களின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தாமே குரலைப் பழக்கி, 1951இல் பாரி நகரில் 'அந்திரேயா ஷெனியே' ஓபராவில் டெனராக மேடையேறினார். டெனர்களுக்கு நடு ஸ்தாயி முடிந்து மேல் ஸ்தாயி தொடங்கும் இடமே ஆபத்தானது. அங்கேதான் குரல் பிளக்கும். பெர்கோன்ஸியின் குரல் அந்த இடத்தைக் கடப்பதே கேட்பவருக்குத் தெரியாது.

கேள்வி: ஐயா, அவரை இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் வெர்தியின் பாடகர் என்று தனித்துச் சொல்வது ஏன்?

பதில்: வெர்தியின் ஊருக்கு அருகிலேயே, 1924இல், விதலென்ஸோவில் பிறந்தவர் என்பதால் மட்டும் அல்ல. வெர்தியின் 'ஆயிதா' ஓபரா தொடங்கிச் சில நிமிடங்களிலேயே, குரல் சூடேறும் முன்பே, டெனர் 'செலெஸ்தே ஆயிதா' என்ற தனிப்பாடலைப் பாட வேண்டும். அதன் கடைசி உச்ச ஸ்வரத்தை மிக மெல்லப் பாடித் தேய்ந்து மறைய விட வேண்டும் என்று வெர்தி எழுதியிருக்க, பெரும்பாலோர் கைதட்டலுக்காக முழுக்குரலில் முழங்குகிறார்கள். மேல் ஸ்வரத்தை உரக்கப் பாடுவதைவிட, மூச்சைச் சீராகத் தாங்கிக்கொண்டே ஒலியை இழை இழையாகக் குறைப்பது பன்மடங்கு கடினம். பெர்கோன்ஸி எழுதியதை எழுதியபடி பாட முயன்றவர். வெர்தியின் 31 டெனர் பாடல்களை ஃபிலிப்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த தொகுப்பு அந்தப் பணிவுக்குச் சான்று.

கேள்வி: அவருக்கு நடிப்பு வராது என்கிறார்களே?

பதில்: உண்மைதான், மேடையில் அவர் அதிகம் அசையமாட்டார். ஆனால் சொல்லின் அழுத்தத்திலும் வாக்கியத்தின் வளைவிலும் பாத்திரத்தின் மனநிலை முழுவதும் வந்துவிடுகிறது. எனக்கு அதுவே போதும்.

கேள்வி: 2000இல் வெர்தியின் 'ஒதெல்லோ' ஓபராவின் நாயகனாகப் பாட முயன்றது தேவைதானா?

பதில்: அப்போது அவருக்கு வயது 75. நியூயார்க் கார்னகி அரங்கில் இரண்டு அங்கங்களுக்குப் பிறகு குரல் ஒத்துழைக்காமல் விலக நேர்ந்தது. கனத்த குரல் கேட்கும் அந்தப் பாத்திரத்தை இளமையில் மேடையில் தொடாமல் விட்ட நிதானமே, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் 1956 முதல் 1988 வரை அவரைப் பாட வைத்தது என்று நம்புகிறேன். அந்த ஓரிரவை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம்.

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: பாடகி லியோன்டைன் பிரைஸுடன் 1966இல் பதிவுசெய்த வெர்தியின் 'உன் பாலோ இன் மாஸ்கெரா' ஓபராவிலிருந்து தொடங்குங்கள், குறும்பும் காதலும் சாவும் அவர் பாடும் ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன.