மோடம் மக்கர் செய்கிறதா? கேபிள் ஆபரேட்டர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: டிஹெச்சிபி சர்வரை (மோடங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் கணினி) வேறு அறைக்கு மாற்றி, அதற்கு ஐபியும் புதிதாகக் கொடுத்தோம். அதன்பின் ரீபூட் ஆன மோடம் எல்லாம் ‘இனிட் டி’யிலேயே நிற்கிறது. லைன் கேபிளை மாற்ற வேண்டுமா? (காரைக்குடி)

பதில்: கேபிளைத் தொடாதீர்கள். இனிட் டி வரை வந்துவிட்டதென்றால் ரேஞ்சிங், அதாவது மோடம் தலைமைக் கருவியோடு சிக்னலைச் சரிசெய்துகொள்வது, முடிந்துவிட்டது. மோடம் ஐபி கேட்கிறது, சர்வர் பதில் சொல்லவில்லை. சிஎம்டிஎஸ்ஸில் (எல்லா மோடங்களையும் நடத்தும் தலைமைக் கருவி) கேபிள் ஹெல்பர் அட்ரஸ், அதாவது மோடத்தின் கோரிக்கை போய்ச் சேர வேண்டிய சர்வர் முகவரி, இன்னும் பழைய ஐபியைக் காட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருத்தியும் வரவில்லையென்றால், சர்வரிலிருந்து மோடம் ஐபி வரிசைக்குத் திரும்பும் ரூட் இருக்கிறதா என்று பாருங்கள். போகிற வழியைப் போட்டுவிட்டுத் திரும்புகிற வழியை மறப்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: வாடிக்கையாளர் புது ரௌட்டர் வாங்கினார். மோடத்தில் விளக்கெல்லாம் எரிகிறது, நெட் மட்டும் இல்லை. (பள்ளத்தூர்)

பதில்: மோடத்தை அணைத்துப் போடுங்கள். மோடத்தின் கான்ஃபிக் ஃபைலில் மேக்ஸ் சிபிஇ 1 என்று இருக்கும், அதாவது ஒரே ஒரு சாதனம்தான் இணையலாம். மோடம் பழைய ரௌட்டரின் மேக் முகவரியையே (சாதனத்தின் அடையாள எண்) பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: நெட் ஸ்லோ. என்ன செய்வது? (புதுவயல்)

பதில்: இதற்கு நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். ஒரு வீட்டிலா, தெரு முழுக்கவா? மீட்டர் என்ன சொல்கிறது? டவுன்ஸ்ட்ரீம் (வீட்டுக்கு வரும் சிக்னல்) 0-வை ஒட்டி மேலும் கீழும் 7 டிபிஎம்விக்குள், எஸ்என்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு பலம்) 33 டிபிக்கு மேல், அப்ஸ்ட்ரீம் (வீட்டிலிருந்து திரும்பும் சிக்னல்) 40-லிருந்து 48 டிபிஎம்விக்குள் இருக்கிறதா? முதலில் மீட்டரை வையுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

கேள்வி: ஒரு நோடில் (ஒரு பகுதி வீடுகளின் கேபிள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) உள்ள அத்தனை வீட்டிலும் மாலையானால் டி3 டைம்அவுட் (மோடம் கேட்டதற்குப் பதில் வராத கோளாறு). ஆம்ப்ளிஃபையரை மாற்றியும் பார்த்துவிட்டோம். (கானாடுகாத்தான்)

பதில்: ஆம்ப்ளிஃபையரை ஏன் மாற்றினீர்கள்? உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடுகளை எண்ணிப் பார்த்தீர்களா? படைப்புக்கும் (முன்னோருக்குச் செய்யும் வழிபாடு) கல்யாணத்துக்கும் பங்காளிகள் கூடுகிறார்கள், பத்து நாளைக்கு நெட் வேண்டும் என்கிறார்கள். நீங்களும் அவசரமாக டிராப் (வீட்டுக்குப் போகும் கேபிள்) இழுக்கிறீர்கள். அவர்கள் ஊருக்குப் போனதும் மோடத்தை மட்டும் கழற்றி எடுத்து வருகிறீர்கள். கேபிள் நுனி முகப்பிலேயே வாய் பிளந்து தொங்குகிறது. மறுமுனை டேப்பில் (தெருக் கேபிளிலிருந்து வீடுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) உயிரோடுதான் இருக்கிறது.

அந்தத் திறந்த நுனி ஓர் ஆன்டெனா. அப்ஸ்ட்ரீம் ஓடுவது 5-லிருந்து 65 மெகாஹெர்ட்ஸ். பக்கத்து வீட்டு மோட்டார், மட்டமான எல்இடி டிரைவர், சிற்றலை வானொலி எல்லாம் இரைச்சல் போடுகிற இடமும் அதுதான். டவுன்ஸ்ட்ரீமில் ஒரு வீட்டுக் கோளாறு பெரும்பாலும் அந்த வீட்டோடு நிற்கும். அப்ஸ்ட்ரீமில் எல்லா வீட்டு இரைச்சலும் ஒன்றுசேர்ந்து நோடுக்கு வருகிறது. யாரும் குடியில்லாத ஒரு வீடு தெருவையே கெடுப்பது இப்படித்தான். மாலையில் ஊரில் எல்லா மின்சாதனமும் ஓடும்போது மோடம் அனுப்பும் ரேஞ்சிங் கோரிக்கை சிஎம்டிஎஸ்ஸின் காதில் விழுவதில்லை. அதுதான் உங்கள் டி3.

கண்டுபிடிக்க: மாலையிலேயே போங்கள், காலையில் போனால் ஒன்றும் சிக்காது. நோடிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரிலும் ரிட்டர்ன் டெஸ்ட் பாயின்ட்டில் (அப்ஸ்ட்ரீமை அளக்கும் முனை) ஸ்பெக்ட்ரம் பாருங்கள். இரைச்சல் எந்தக் கிளையிலிருந்து வருகிறதோ அந்தக் கிளையில் இறங்குங்கள். கடைசியில் ஒரு டேப்பில் போய் நிற்பீர்கள். பூட்டிய வீட்டு டிராப்பை அங்கேயே கழற்றி, டேப்பில் அந்த வாய்க்கு 75 ஓம் டெர்மினேட்டர் (வாயை அடைக்கும் மூடி) போடுங்கள். வீட்டுக்காரர் அடுத்த படைப்புக்கு வரும்போது மாட்டிக்கொடுத்தால் போயிற்று. டெர்மினேட்டர் விலை ஒரு டீ விலைக்கு மேல் பெரிதாக இராது, அதை வாங்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்: சும்மா கிடக்கிற எந்த வாயையும் திறந்து விடாதீர்கள்.

கேள்வி: வேகத்தைக் கூட்டி கான்ஃபிக் ஃபைலைத் திருத்தினேன். மோடம் ‘ரிஜெக்ட் எம்’ காட்டுகிறது. (தேவகோட்டை)

பதில்: ஷேர்டு சீக்ரெட் (ஃபைலைச் சரிபார்க்கும் ரகசியச் சொல்) பொருந்தவில்லை. எடிட்டரில் அதைக் கொடுக்காமலே சேமித்திருப்பீர்கள். சிஎம்டிஎஸ்ஸில் உள்ளதை எழுத்து பிசகாமல் கொடுத்து மறுபடி சேமியுங்கள். ஏற்கெனவே ஆன்லைனில் உள்ள மோடங்கள் ரீபூட் ஆனால்தான் புது ஃபைலை எடுக்கும். நூற்றுக்கணக்கில் ஒரேயடியாக ரீபூட் செய்யாதீர்கள்.

கேள்வி: முகப்பில் மோடம், இரண்டாங்கட்டில் வைஃபை வரவில்லை. ஸ்ப்ளிட்டர் வைத்து உள்ளே இன்னொரு மோடம் போடலாமா? (கோட்டையூர்)

பதில்: வேண்டாம். அந்தச் சுவர்களையும் வளவையும் (வீட்டு நடுமுற்றம்) தாண்ட வைஃபைக்குத் தெம்பு கிடையாது, அது மோடத்தின் குற்றமில்லை. நாலு வழி ஸ்ப்ளிட்டர் போட்டால் 7 டிபி போய்விடும், கூடவே திறந்த வாய் இரண்டு மிஞ்சும். கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து உள்ளே ஓர் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) வையுங்கள்.