மெஸ்காரம்மா பதில்கள்

கேள்வி: காளவாசலில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து எனக்கும் கணவருக்கும் மதியச் சோறு கட்டியே ஓய்ந்துபோகிறேன். இப்போது 'ஹெல்த்தி மீல் பாக்ஸ்' என்று சிறுதானியச் சாதம், காய், சுண்டல் எல்லாம் வைத்து வேலை செய்கிற இடத்துக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஒரு பாக்ஸ் 150 ரூபாய். 24 நாளைக்கு ஆளுக்கு 3,600 முன்பணம். கணவருக்குச் சர்க்கரை ஆரம்ப நிலை. "இத்தனை மெஸ் இருக்கிற ஊரில் டப்பாச் சோறு எதுக்கு?" என்கிறார் மாமியார். சேரலாமா?
- வாசகி, அண்ணா நகர், மதுரை

பதில்: சேருங்கள். ஆனால் மாதத்துக்குப் பணம் கட்டாதீர்கள், ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

எஸ்.எஸ். காலனியில் 22 வருஷம் மெஸ் நடத்தியவள் நான். இந்த டப்பாக்காரர்கள் எனக்குப் பங்காளி மாதிரி. அதனால் நான் சொல்வதில் கொஞ்சத்தைத் தள்ளிவிட்டே கேளுங்கள்.

போன ஐப்பசியில் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சென்னையில் இருக்கிற மகன் போனிலேயே பணம் கட்டி, ஒரு மாதத்துக்கு எனக்கு இந்த மாதிரி சாப்பாடு ஏற்பாடு பண்ணிவிட்டான். முதல் நாள் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. கறுப்பு டப்பா, மேலே கண்ணாடி மாதிரி மூடி. திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டி பீன்ஸ் பொரியல் நனைந்து கிடந்தது. தொழில் புத்தி விடுமா? மிளகாய் வற்றல் நிறுக்கிற தராசை எடுத்து இடது கையாலேயே நிறுத்துப் பார்த்தேன். குதிரைவாலி சாம்பார் சாதம் 310 கிராம். பீன்ஸ் 45. பச்சைப்பயறு சுண்டல் 30. பந்தியில் ஊறுகாய் வைப்பது போல ஓரத்தில் காய்! என் மெஸ்ஸில் இப்படி வைத்திருந்தால் இலையை மூடிவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்று பலருக்கு நினைப்பு. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால், குதிரைவாலியில் 65 சொச்சம். நார்ச்சத்து கூடுதல்தான், ஆனால் அதையும் வெள்ளை வெளேரென்று தீட்டிவிட்டால் போச்சு. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் படம் போட்டுக் காட்டுகிற தட்டில் பாதி காயும் பழமும்தான். என் டப்பாவில் 310-க்கு 45. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், டப்பாச் சாப்பாடு சாப்பிட்ட ஒரு நாளும் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட ஒரு நாளும் இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்து, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். விளம்பரம் சொல்லாததை அது சொல்லிவிடும்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை சுண்டலை எடுத்தால் நூல் விட்டிருந்தது. போன் போட்டேன். "ஒன்பது மணிக்கே பேக் பண்ணிருவோம்மா, அப்புறம்தான் ரூட் போடுவோம்" என்றான் பையன், பெருமையாக. அப்படியானால் சமைத்தது ஏழு மணிக்கு. என் வாசலுக்கு வரும்போது ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது. சமைத்தது ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்க வேண்டும், இல்லை 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும். நடுவில் வெதுவெதுவென்று கிடந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஐப்பசி மழையிலேயே இப்படி, சித்திரையில் கேட்கவே வேண்டாம். ஆகவே என்ன மெனு என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை மணிக்கு அடுப்பை அணைத்தீர்கள் என்று கேளுங்கள். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தருகிற 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் சமைத்து விற்கிறவர்களும் பதிவு செய்தாக வேண்டும்.

நான் போட்ட சத்தத்தில் மறுநாளிலிருந்து சாதம் பாதி, காய் இரண்டு பங்கு, சுண்டலுக்குப் பதில் அவித்த முட்டை. 20 ரூபாய் கூடக் கேட்டார்கள், கொடுத்தேன். எண்ணெய் கம்மி, அதைக் குறை சொல்ல மாட்டேன். 'நாளைக்கு என்ன குழம்பு' என்று நினைக்காமல் படுத்தது எனக்குத் தெரிந்து அந்த மாதம்தான். அதற்கே 150 ரூபாய் தகும்.

உங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் போதும் என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-இல் உங்கள் அண்ணா நகரில்தானே திறந்தார்கள். வெள்ளரி, கேரட் வாங்கி வைத்து, டப்பா வருகிற நாளில் ஒரு பிடி அரிந்து கொண்டுபோங்கள்.

மாமியாரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், அது ஒரு டீஸ்பூன்தான். என் மெஸ் வத்தக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு அதில் பெரும் பங்கு மதியமே முடிந்திருக்கும். ருசிக்காகத்தான் அப்படிப் போட்டேன். கூட்டமும் அதற்குத்தான் வந்தது.

கேள்வி: வருகிற டப்பாவோடு அப்படியே மைக்ரோவேவில் வைக்கலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: டப்பாவிலேயே வைக்கலாம் என்று அதில் போட்டிருந்தாலும் நான் பீங்கான் தட்டுக்கு மாற்றித்தான் வைப்பேன். எவர்சில்வர் ஆகாது. ஆவி பறக்கிற அளவுக்குச் சூடு பண்ணுங்கள். தயிரை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள், நான் ஒரு தடவை மறந்து பட்டபாடு போதும்.

கேள்வி: மதுரையில் ரூம் எடுத்து வேலை பார்க்கும் மகன் தினமும் 180 ரூபாய்க்கு சாலட் வரவழைத்துத் தின்கிறான். பச்சைக் காய்க்கு இவ்வளவு விலையா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: விலையை விடுங்கள், அவன் சம்பாதிக்கிறான். வேகாத காயை யார் கையால், எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. வெறும் இலை தழையைத் தின்றுவிட்டு நாலு மணிக்கு வடை தேடி ஓடுகிறானா என்றும் விசாரியுங்கள். ஓடினால், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது வறுத்த நிலக்கடலை ஒரு கிலோ கொடுத்தனுப்புங்கள், சாலட்டில் ஒரு கை போட்டுக்கொள்ளட்டும்.