எடை குறைய வேண்டாம், ஏறாமல் நின்றால் போதும்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. உயரம் 134 செ.மீ., எடை 38 கிலோ. பள்ளி விட்டதும் டியூஷன், அது முடிந்தால் செல்போன். விளையாடப் போ என்றால், “குண்டான்னு கூப்பிடுறாங்க, போகமாட்டேன்” என்கிறான். இரவில் சாதத்தை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: சாதத்தை நிறுத்தாதீர்கள். வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு மெலிய வைக்கக் கூடாது. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. உங்கள் மகனுக்கு அது 21. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 9 வயதுப் பையனுக்கு நடுத்தர அளவு சுமார் 16, 20.5-ஐத் தாண்டினால் உடல்பருமன். ஆகவே ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று சும்மா விடவும் முடியாது.

ஆனால் வளர்த்தி நமக்குக் கை கொடுக்கும். இந்த வயதில் வருடத்துக்கு 5, 6 செ.மீ. உயர்வார்கள். அவன் 140 செ.மீ. தொடும்போதும் எடை இதே 38-ல் நின்றால் பிஎம்ஐ 19.4 ஆகிவிடும். ஒரு கிலோகூடக் குறையாமலே பருமன் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவான்.

அதற்கு அவன் ஓடியாட வேண்டும். அவனுக்கு இருப்பது சோம்பல் இல்லை, கூச்சம். அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் இந்தக் கேலியைப் பற்றிப் பேசுங்கள். வீட்டிலும் தாத்தா, பாட்டி செல்லமாகக்கூட அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம். பத்துப் பேர் பார்க்கும் மைதானத்துக்கு இப்போதே அனுப்பாமல், மொட்டைமாடியில் நீங்களோ அவன் அப்பாவோ கூட நின்று பந்து எறியுங்கள், ஷட்டில் ஆடுங்கள். அப்புறம் நெருங்கிய நண்பன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளலாம். நீச்சலில் விருப்பம் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் உடல் பாரத்தைத் தாங்கும், முட்டி வலிக்காது.

தினமும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு ஆட வேண்டும். ஒரே மூச்சில் ஆட வேண்டியதில்லை, இருபது இருபது நிமிடமாகப் பிரிக்கலாம். வாரத்தில் மூன்று நாளாவது ஸ்கிப்பிங், நொண்டி, பாண்டி என்று குதிக்கிற ஆட்டம் இருக்கட்டும், எலும்பு உறுதியாகும். டியூஷனை 6 மணிக்கு மேல் தள்ளிவையுங்கள். இருட்டிய பிறகு விளையாடச் சொன்னால் பிள்ளை எங்கே போவான்?

சாப்பாட்டில் கைவைக்க வேண்டியது சாதத்தில் அல்ல, குடிப்பதிலும் கொறிப்பதிலும்தான். 300 மி.லி. கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. பாலில் கலக்கும் மால்ட் பொடியிலும் சர்க்கரை உண்டு. மாலையில் சுண்டல், வேர்க்கடலை, கொய்யா கொடுங்கள். தட்டில் பாதி காய்கறி இருந்தால் சாதம் தானாகக் குறையும். அவனுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம், எல்லோரும் அதையே சாப்பிடுங்கள். 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். படுக்கைக்குச் செல்போன் போகக் கூடாது.

எடையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், கூடவே உயரத்தையும் குறித்துவையுங்கள். இன்று ஒரு வேலை செய்யுங்கள்: அவன் பின்கழுத்தையும் அக்குளையும் பாருங்கள். வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருக்கிறதா? அழுக்கு என்று பல அம்மாக்கள் நார் போட்டுத் தேய்க்கிறார்கள். அது அழுக்கு அல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அப்படி இருந்தாலோ, தினமும் குறட்டை விட்டாலோ, குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துப்போய் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.