கல் ஆற நாலு வாரம், நீங்கள் இருப்பது ஆறு வாரம்

கேள்வி: கோவையில் பி.ஆர்க் நான்காம் ஆண்டு படிக்கிறேன். உகாண்டாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டும் தன்னார்வப் பணிக்கு ஓர் அமைப்பு அழைத்திருக்கிறது. ஜூன், ஜூலையில் ஆறு வாரம். சுட்ட செங்கல் இல்லாமல், மண்ணை அழுத்திச் செய்யும் கல்லில் கட்டுகிறார்களாம். பங்கேற்புக் கட்டணம் 1,80,000 ரூபாய், விமான டிக்கெட் தனி. "காசு கொடுத்துச் சித்தாள் வேலைக்குப் போறியா?" என்கிறார் அப்பா. போகலாமா?
- வாசகி, கோவை

பதில்: அப்பா கிண்டலாகக் கேட்டிருந்தாலும் கேள்வி சரியானது. சித்தாள் வேலைக்கு என்றால் போகவே வேண்டாம். உகாண்டாவில் கொத்தனாருக்குப் பஞ்சமில்லை. பள்ளியில் படித்தபோது தான்சானியாவுக்கு நூலகம் கட்டப் போன ஓர் அமெரிக்கப் பெண், அந்த அனுபவத்தை 2014இல் எழுதினார். பகலில் மாணவிகள் வைத்த கல்லை, ராத்திரியில் உள்ளூர் ஆட்கள் பிரித்துவிட்டுச் சரியாகக் கட்டுவார்களாம். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படுமே என்று! அந்த ஆட்களுக்கு இரட்டை வேலை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த மண் கல்தான். உகாண்டாவில் சூளைக்கு எரிப்பது பெரும்பாலும் விறகு. காடு அழிகிறது என்றுதான் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் சுடாத இன்டர்லாக் கல்லைப் பரப்பினார்கள். சலித்த மண்ணில் கொஞ்சம் சிமென்ட், அளவாகத் தண்ணீர், பிறகு கை மெஷினில் ஓர் அழுத்து. பார்க்கச் சுலபம், எல்லாம் அந்த 'அளவாக'வில் இருக்கிறது. கலவையை ஒரு பிடி உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பார்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடிப்பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது, உடையாமல் சப்பையாக உட்கார்ந்தால் ஈரம் கூடிவிட்டது. காலையில் சரியாக இருந்த கலவை வெயில் ஏறியதும் மாறிவிடும், திரும்ப உருட்டிப் பார்க்க வேண்டும். செய்த கல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி, தண்ணீர் தெளித்து, நாலு வாரம் ஆறவிட வேண்டும். அப்படியானால் நீங்கள் முதல் நாள் அழுத்திய கல் சுவரேற நாலு வாரம் ஆகும். ஆறு வாரத்தில் இரண்டு வகுப்பறையையும் முடித்துவிடுவோம் என்று அவர்கள் சொன்னால், கல் முன்பே தயாராக இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், கட்டிடத்துக்கு வரைபடம் போட்டது யார், கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட உள்ளூர் இன்ஜினியர் யார்? கட்டி முடித்தபின் வாத்தியார் சம்பளம் யார் பொறுப்பு? கூரைத் தகடு காற்றில் பிய்ந்தால் யார் மாற்றுவார்கள்? உங்கள் 1,80,000 ரூபாயில் கட்டிடத்துக்குப் போவது எவ்வளவு, உங்கள் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் அலுவலகச் செலவுக்கும் போவது எவ்வளவு? எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் டிக்கெட் போடாதீர்கள்.

பிரான்சிஸ் கேரே பெயரை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். கட்டிடக்கலைக்குத் தரும் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2022இல் வாங்கியவர். பெர்லினில் மாணவராக இருந்தபோதே, புர்கினா பாசோவில் தன் சொந்த ஊரான காண்டோவுக்குப் பள்ளிக்கூடம் கட்டப் பணம் திரட்டினார். 2001இல் கட்டி முடித்தார்கள். மண் கல் மழையில் கரைந்துவிடும் என்று ஊரே முதலில் நம்பவில்லை. சொந்த ஊர்க்காரருக்கே அந்த நிலை. அங்கே கிரேன் கிடையாது. அதனால் கான்கிரீட்டுக்குப் போடும் சாதாரண கம்பியை வெட்டி வெல்டிங் வைத்துக் கூரைச் சட்டம் செய்ய ஊர் ஆட்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். தகடு நேராகச் சுவர்மேல் உட்காரவில்லை. கல் சீலிங்குக்கு மேலே தூக்கி நிறுத்தினார்கள், சூடு நடுவில் வெளியேறிவிடும். இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அழகை அல்ல, கற்றுக்கொடுத்த வெல்டிங்கை. உங்கள் அமைப்பும் ஊர் ஆட்களுக்குக் கூலி கொடுத்துத் தொழில் பழக்குகிறதா என்று பாருங்கள்.

பதில்கள் திருப்தியாக இருந்தால், போங்கள். ஆனால் கரண்டியைப் பிடிக்கக் கை பரபரக்கக் கூடாது. நாலு வருஷம் படித்தது அளக்கவும் வரையவும்தானே? மேஸ்திரியின் பக்கத்திலேயே நில்லுங்கள், ரசமட்டத்தை நீங்கள் பிடியுங்கள். வரைபடத்தில் இருந்தது தளத்தில் எங்கே, ஏன் மாறியது என்று தினமும் குறித்து, கடைசியில் எப்படிக் கட்டினார்களோ அப்படியே ஒரு செட் வரைபடம் வரைந்து பள்ளியில் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த வகுப்பறை கட்டும்போது அது அவர்களுக்கு உதவும். பழைய வகுப்பறையில் மத்தியானம் எத்தனை டிகிரி, மழை தகரத்தில் அடிக்கும்போது பின்பெஞ்சுக்குப் பாடம் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

போவதற்கு முன் ஆரோவில் மண் கட்டுமான நிலையத்தில் ஒரு குறுகிய பயிற்சி எடுத்துவிடுங்கள். ஆரோவில்லில் செய்யும், மண் கல் அழுத்தும் 'ஆரம்' மெஷின் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகிறது. கோவையிலிருந்து ஒரு ராத்திரி பஸ், அவ்வளவுதான். ஒரு வாரம் கல் அழுத்திப் பார்த்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் அப்பாவிடம் பேச உங்களுக்கே தைரியம் வந்துவிடும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள். ஊசிக்குத் தரும் மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்திலும் கேட்பார்கள்.